நாற்பது பேர் சொன்ன வேண்டாம்

"தங்கள் தேவை குறைவு எனப் பதிவாகியுள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்."

அந்தக் குரலுக்கு யார் பேசிக் கொடுத்தார்களோ, அவ்வளவு தேன்! சண்முகக்கனி காலை ஆறரை மணியிலிருந்து பதினோராவது தடவையாக அதைக் கேட்டாள். பன்னிரண்டாவது தடவைக்குப் பொறுமை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அந்தத் திரையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளுக்குத்தான் கை எரிந்தது.

"குறைவாம்ல குறைவு! வெளிய வந்து பாரு, ஆளு எப்படி இருக்காகன்னு!"

வெளியே நின்ற ஆட்டோவில் அவள் புருஷன் தவமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே தூங்கி மூன்று நாளாகிறது. பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு மூன்று வருஷமான ஆள் அவன். வாரம் இருமுறை ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்தால்தான் உயிர் நிற்கும். கடைசியாகச் சுத்தம் செய்து ஒன்பது நாளாகிவிட்டது.

நிலத்தடி நீரில் என்ன கலந்ததோ, கரிசல் காட்டில் தெருவுக்கு நாலு பேருக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சின்ன ஊருக்கு நோயாளிகள் நாற்பத்தொரு பேர், டயாலிசிஸ் இயந்திரங்கள் நான்கு. தனியார் ஆஸ்பத்திரிகளின் இயந்திரங்களையும் அரசாங்கம் பொதுவில் சேர்த்துவிட்டதால் வேறு எங்கு ஓடினாலும் இதே வரிசைதான்.

நர்ஸ் பியூலா வெளியே வந்து தவமணியின் விரல் நுனியில் கருவியை மாட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"சிஸ்டர், சுப்பையா மாமா நேத்துத் தவறிட்டாகல்ல. இன்னைக்கு ரெண்டு மணிக்கு அவுக இடம் காலிதான? அதுல இவுகளப் போட்டுருங்க. உங்க கால்ல விழுதேன்."

"நான் போட மாட்டேன்னா சொல்லுதேன் கனி? நாற்காலிக் கைப்பிடியில உள்ளங்கைய வச்சாத்தான் மிஷின் ஓடும். பங்காளி ஒதுக்குன கையா இருக்கணும். வேற கைய வச்சா அது அசையவே அசையாது."

பொதுச் சிகிச்சைப் பங்கீட்டு அமைப்பு என்பதுதான் அதற்கு அரசாங்கம் வைத்த பெயர். அத்தனையையும் சொல்ல ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது? பங்காளி என்று ஆக்கிவிட்டார்கள். யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த நாற்காலி என்று முடிவெடுப்பது அதுதான். எந்த ஊருக்கு எத்தனை இயந்திரம் என்பதும் அதன் கணக்கில்தான் வரும். டாக்டர் சீட்டு, மந்திரி சிபாரிசு எதையும் மதிக்காது. அதனால் வந்த புதிதில் ஜனங்கள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நியாயமான பங்காளி என்றார்கள்.

பியூலா தன் கையிலிருந்த பலகையில் தவமணியின் பெயரைத் தட்டினாள்.

"இதப் பாரு. ரெண்டு மாசத்துல ஆறு தடவ தன் முறைய வேற ஆளு பேருக்கு மாத்தி விட்டுக்குடுத்திருக்காரு. ஒவ்வொரு தடவைக்கும் பங்காளி இவர ஒரு படி எறக்கிருக்கு. வாரம் ரெண்டு முறை இருந்தது ஒண்ணாச்சு. இப்ப அதுவும் இல்ல. நாப்பத்தொரு பேர்ல நாப்பத்தொண்ணாவது ஆளு. கடைசி ஆளுக்கு வேற யாரும் தன் முறைய மாத்திக் குடுக்கவும் அது விடாது."

ஆறு தடவையும் சண்முகக்கனிக்கு ஞாபகம் இருந்தது. பானு என்ற கல்லூரிப் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை என்று மூன்று தடவை. கண்டக்டர் பால்வண்ணம் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் கசந்து வாந்தி நிற்கவில்லை என்று இரண்டு தடவை. மூச்சிரைக்க வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு ஒரு தடவை. அவர் பெயர்கூட இவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, "நமக்கு நாளைக்குப் பாத்துக்கிடலாம் புள்ள, அவுகளுக்கு முடியல" என்பான். இவளும் சண்டை போட்டுவிட்டுச் சோறு போடுவாள். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு என்னதான் செய்வது!

"தாலுகா ஆபீஸ் மாடியில பங்கீட்டு அதிகாரி இருக்காரு, போய்ப் பாரு. நான் இவருக்கு ஆக்சிஜன் வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லிருதேன் கனி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மிஷின்ல ஏத்தலன்னா..." பியூலா முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதிகாரியின் பெயர் நிரஞ்சன். சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். பொருளாதாரம் படித்தவர். பங்காளிக்கு விதி எழுதிய குழுவில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். நல்ல பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். சண்முகக்கனி உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்குத் தேவ குறைவுன்னு சொல்லுதே, அது எப்படிங்க சார் தெரியும் அதுக்கு? ரத்தத்தப் பாத்துச்சா? கால் வீக்கத்தப் பாத்துச்சா?"

"அதெல்லாம் முன்னாடி பார்த்துட்டுதான் இருந்ததும்மா. எல்லாரும் அவசரம்னு எழுதி வாங்கிட்டு வந்தாங்க. ரத்தப் பரிசோதனை முடிவையே மாத்தி எழுதினாங்க. ஒரு மாவட்டத்துல இருந்த அத்தனை பேரும் அவசரம்! அப்புறம்தான் வேற வழி யோசிச்சோம். சொல்றதை விட்டுட்டு, ஒருத்தர் என்ன செய்றார்னு மட்டும் பார்க்கலாம்னு. தனக்கு நிஜமா வேணுங்கற ஒண்ணை மனுஷன் விட மாட்டான். விட்டான்னா அது அவனுக்கு அவ்வளவா வேண்டாம். அதுதான் அடிப்படை."

"யாரு சொன்னது அப்படி?"

நிரஞ்சன் திகைத்துப் போனார். படித்த புத்தகத்தில் எல்லாம் அது முதல் பக்கத்தில் இருக்கும். யார் சொன்னது என்று அவரும் கேட்டதில்லை, அவருடைய வாத்தியார்களும் கேட்டதில்லை.

"சார், எங்க வீட்டுக்காரரு கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா, பக்கத்து இலைக்குச் சோறு விழுந்துச்சான்னு பாத்துட்டுத்தான் கைய வைப்பாரு. அதனால அவருக்குப் பசிக்கலன்னு அர்த்தமா?"

நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா என்னால மாத்த முடியாது. அதிகாரி கை வைக்க முடியாதபடிதான் அதைக் கட்டியிருக்கு. கை வைக்க விட்டா லஞ்சம் வரும்னு நாங்களே எடுத்துட்டோம். மேல எழுதிப் போடறேன். பதில் வர பத்து நாளாகும்."

"பத்து நாளா?" அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பத்து மணி நேரம் தாங்காது சார். ரெண்டு மணிக்கு ஒரு இடம் காலியா கெடக்கு. காலியா இருக்கிற நாற்காலியப் பாத்துக்கிட்டே எம் புருஷன் சாகணுமா? ஏதாவது ஒரு வழி சொல்லுங்க. ஏதாவது!"

அவர் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது முகத்திலேயே தெரிந்தது.

"காலியான இடம் வேணுமான்னு அது ஒவ்வொருத்தர் போன்லயும் வரிசைப்படி கேக்கும். முதல் ஆள்கிட்ட கேட்டு, அவர் வேண்டாம்னு அழுத்தினா ரெண்டாவது ஆள். அப்படியே கீழ வரும். ஆளுக்கு மூணு நிமிஷம். அதுக்குள்ள எதையும் அழுத்தலைன்னா வேணும்னு எடுத்துக்கும். உங்களுக்கு முன்னால நாற்பது பேர். நாற்பது பேரும் வேண்டாம்னா உங்களுக்கு வரும். ஆனா எல்லாருக்குமே பத்தாக்குறையாதான் கிடைக்குது. இலவசமா ஒரு முறை கூட வந்தா யார்மா வேண்டாம்பாங்க? அழுத்தினா அவங்களுக்கும் ஒரு படி இறங்கும். அதனால ஒருத்தரும் அழுத்த மாட்டாங்க. இதுவரைக்கும் எந்த ஊர்லயும் நடந்ததில்லை."

"எப்பக் கேக்க ஆரம்பிக்கும்?"

"பன்னிரண்டு மணிக்கு."

மணி பத்தரை. அவள் படியிறங்கி ஓடினாள்.

பால்வண்ணம் அண்ணாச்சி முப்பது வருஷம் பஸ்ஸில் கூட்டத்தை அதட்டிய மனுஷன். சேதி கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். தனக்கு இரண்டு தடவை விட்டுக்கொடுத்தவன் அதனாலேயே சாகக் கிடக்கிறான் என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? பிறகு நோயாளிகள் எல்லாரும் சேர்ந்திருந்த போன் குழுவில் தம் பழைய குரலில் பேசி அனுப்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. பன்னெண்டு மணிக்குப் பங்காளி உங்களக் கேக்கும். வேண்டாம்னு அழுத்துங்க. படி எறங்கிருமோன்னு பயப்படாதீங்க. நாப்பது பேரும் ஆளுக்கு ஒரு படி எறங்குனா வரிசை மாறுமா? முன்னால நின்னவன் முன்னாலதான் நிப்பான், பின்னால நின்னவன் பின்னாலதான் நிப்பான். ஒருத்தருக்கும் நட்டமில்ல. தவமணி பொழச்சுக்கிடுவான். நாப்பது பேரும் அழுத்தணும், அவ்வளவுதான். ஒருத்தர் ஆசப்பட்டாலும் போச்சு."

அட, என்ன ஒரு கணக்கு! சண்முகக்கனிக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. படித்த அதிகாரிக்குத் தோன்றாதது பஸ் கண்டக்டருக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தாள்.

பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. முதல் ஆள் பானு. மணி அடித்த மறு நொடியே அழுத்திவிட்டு, "அக்கா, அழுத்திட்டேன்" என்று குழுவில் சொன்னாள். இரண்டு, மூன்று, நான்கு என்று வேகமாக வந்தது. ஒருவர் வயலிலிருந்து, ஒருவர் பஸ்ஸிலிருந்து, ஒரு கிழவர் பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்து. உள்ளே இயந்திரத்தில் படுத்திருந்த மூன்று பேரும் ஊசி குத்தாத கையால் அழுத்தினார்கள். தவமணிக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தால் வேண்டாம் என்று அவனே கெடுத்துவிடுவான்.

பத்தொன்பதாவது ஆளிடம் வந்து நின்றது. தையற்காரன் அந்தோணி. ஒரு நிமிஷம் ஆயிற்று, சத்தமில்லை. அவன் கடை ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்தது. சண்முகக்கனி ரோட்டைத் தாண்டி ஓடினாள். லாரி ஒன்று அலறிக்கொண்டு ஒதுங்கிப் போனது.

அந்தோணி தையல் மிஷினுக்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் இரண்டு பொத்தான் மினுங்கியது. அவன் கட்டைவிரல் வேண்டும் என்ற பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது.

"அக்கா, நீ ஏன் இங்க வந்த?" என்று கத்தினான். "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. கால்ல நேத்திலருந்து நீர் கோத்துருக்கு. ஒரு தடவ கூடக் கெடச்சா எனக்கும் நல்லதுதான? நீ இப்படி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா நான் என்ன செய்ய?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்று அவளுக்கே தெரியும். அதுதான் கொடுமை. மூன்று நிமிஷம் முடிய எத்தனை நொடி இருந்ததோ, அந்தோணி கண்ணை இறுக மூடிக்கொண்டு சிவப்பை அழுத்தினான். அழுத்திவிட்டு, "போயிரு, கடைய விட்டுப் போயிரு" என்றான். அவள் போனாள்.

ஒன்றே முக்கால் மணிக்குத் தவமணியின் போன் அடித்தது. அது அவள் கையில்தான் இருந்தது. விரல் முதல் தடவை தவறி இரண்டாம் தடவை பச்சையில் பட்டது. இரண்டு மணிக்கு அவன் உள்ளங்கையைப் பியூலா பிடித்துக் கைப்பிடியில் வைத்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. பியூலா ஏசுவே என்று சொல்லிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தவமணியால் படுக்க முடிந்தது. மூச்சு சீராக வந்தது. கண்ணைத் திறந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "அடுத்தாளு யாராவது காத்துக்கிட்டு இருக்காகளா புள்ள? இருந்தா எந்திரிச்சிருதேன்" என்பதுதான். வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சண்முகக்கனி அழுதுகொண்டே சிரித்தாள். பானு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். இரண்டு மாசத்தில் அந்த வராந்தாவில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மூடிய லாரி நின்றது.

நாலு பேர் இயந்திரங்களைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். பியூலா நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் தாளைக் காட்டினார்கள், அவ்வளவுதான். நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பியூலா நிரஞ்சனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தாள்.

"சிஸ்டர், நான் காலையிலிருந்து மேலே பேசிட்டிருக்கேன்." என்று தொடங்கினார் அவர். "புதன்கிழமை உங்க ஊர்ல ஒரே நாள்ல நாற்பது பேர் வேண்டாம்னு அழுத்தியிருக்காங்க. நாட்டுல எந்த ஊர்லயும் அப்படி ஆனதில்லை. உங்க ஊருக்குத் தேவை இல்லைன்னு அது முடிவு பண்ணிடுச்சு. மூணு இயந்திரத்தைக் கடற்கரைப் பக்கம் மாத்துது. அங்கே ஒருத்தர்கூட விட்டுக்கொடுக்கலையாம், அதனால தேவை அதிகமாம்."

"வரிசை மாறாதுன்னேன்," என்றார் பால்வண்ணம், யாரிடம் என்றில்லாமல். "நாப்பது பேரும் எறங்குனா வரிசை மாறாதுன்னேனே."

"உங்களுக்குள்ள மாறலை ஐயா. அது ஊரையும் ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அதை நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும். நாற்பது பேர் அழுத்துவாங்கன்னு நான் நம்பவே இல்லை, அதனால யோசிக்கலை. என்னை மன்னிச்சிடுங்க."

பால்வண்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்றாவது இயந்திரத்தை லாரியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சமயம் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடித்தது. அதே தேன் குரல் நாற்பத்தொரு இடத்திலிருந்து பேசியது.

"தங்கள் மையத்தில் இனி ஒரு இயந்திரம் இயங்கும். ஒன்பது பேருக்கு இடம் உண்டு. தேவை உள்ளவர்கள் அழுத்தவும். முதலில் அழுத்தும் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்ளப்படுவர்."

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பானு பால்வண்ணத்தைப் பார்த்தாள். அந்தோணி தரையைப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள், முதலில் முடியாதவர்கள் என்று ஒரு ஒழுங்கு வரும் என்று எல்லாரும் காத்திருந்தது போலிருந்தது. சண்முகக்கனியும் ஒரு நொடி அப்படித்தான் நின்றாள். பிறகு அவளுக்கு ஒன்பது நாள் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே தூங்கிய தலை ஆட்டோக் கம்பியில் முட்டியது ஞாபகம் வந்தது.

அவள் அழுத்தினாள். முதல் ஆள் அவள்தான்.

அந்தச் சின்னச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்து அந்தோணி அழுத்தினான். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! யாரோ யாரையோ இடித்தார்கள், ஒரு போன் கீழே விழுந்து உருண்டது, பானுவின் அம்மா பானுவின் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒரு நிமிஷத்துக்குள் ஒன்பது நிரம்பிவிட்டது. முப்பத்திரண்டு பேர் கையில் அணைந்துபோன திரை இருந்தது. அதில் ஒன்று பால்வண்ணத்தினுடையது. அவர் போனைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கி மெதுவாக வந்த தவமணிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவன் பால்வண்ணத்தின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அண்ணாச்சி, நீங்க அழுத்தலயா?"

"விடுப்பா. எனக்கு வயசாச்சு."

தவமணி எழுந்து பெண்டாட்டியிடம் வந்தான். கையை நீட்டினான். குரலை உயர்த்தவில்லை, அவனுக்கு அது வராது.

"போனக் குடு புள்ள. அண்ணாச்சிக்கு நேத்தே வாந்தி ஆரம்பிச்சிருக்கு. நமக்குப் புதன்கிழமதான ஆச்சு. அவுக போகட்டும்."

இரண்டு நாள் முன்னால் அதிகாரியின் மேஜைக்கு முன்னே நின்று அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இப்போதும் உண்மைதான். ஆனால் சண்முகக்கனி போனை இடுப்பில் செருகி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்" என்றாள். பால்வண்ணத்துக்கும் பானுவுக்கும் பியூலாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "யாருக்கும் தர மாட்டேன்."

உள்ளே மிச்சமிருந்த ஒற்றை இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த திரை முதல் பெயரைக் கூப்பிட்டது. தவமணியின் தேவை மிக அதிகம் எனப் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள், வழியில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.